பன்னிரண்டாவது சொடுக்கு

படம் முடிந்த பிறகும் பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

ஒருவர் அல்ல. காலையிலிருந்து வந்த ஆறு பேரும்.

ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மார்லா, கணினித் திரையை லாயிட் பக்கம் திருப்பினாள்.

"கீபோர்ட மாத்திட்டேன். கேபிள மாத்திட்டேன். இனி மாத்தறதுக்கு நான்தான் பாக்கி."

"எந்தப் படம்?"

"காலை உணவு."

லாயிட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

அவர்கள் வேலை எளிமையானது. வருபவர் ஒரு சிறு அறையில் தனியாக உட்கார்ந்து படம் பார்ப்பார். படத்தில் யாரோ படுக்கை விரிப்பார்கள், அல்லது கார் கழுவுவார்கள். ஒரே இடத்திலிருந்து, வெட்டில்லாமல் எடுத்த படம். ஒரு காரியம் முடிந்து அடுத்தது தொடங்குவதாகத் தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். எங்கே முடிகிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத நூறு பேர் ஏறக்குறைய ஒரே இடங்களில் அழுத்துவார்கள். நடந்துகொண்டே இருப்பதை மனம் துண்டுதுண்டாக நறுக்கிக்கொள்கிறது. எங்கே நறுக்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதிலேயே லாயிட் ஹெம்மர் பதினாறு வருடங்களைக் கழித்திருந்தான்.

"படம் ஏழு நிமிஷம் பதினெட்டு வினாடி," என்றாள் மார்லா. "அதுக்கப்புறம் மூணு நிமிஷம் வெறும் சாம்பல் திரை, கண்ணுக்கு ஓய்வு. அந்த ஓய்வுலதான் அழுத்தியிருக்காங்க. ஆளுக்குப் பதினொரு தடவ. எல்லாம் ஒரே இடத்துல. பாருங்க, அளவுகோல் வச்சுக் கோடு போட்ட மாதிரி."

லாயிட் பார்த்தான். ஆறு வரிசை. ஒவ்வொன்றிலும் பதினொரு கோடுகள். முதல் கோடு ஆறாவது வினாடியில். கடைசிக் கோடு நூற்றுப் பத்தில். நடுவில் இருந்தவற்றை அவன் படிக்கவில்லை. படிக்கத் தேவையில்லை.

"அவங்கள கேட்டீங்களா?"

"கடைசியா வந்தவர கேட்டேன். தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். 'நான் எங்கம்மா அழுத்தினேன், சும்மா சாம்பலத்தான் பாத்துட்டு இருந்தேன்'ங்கறார். கோட்ட மாட்டிட்டுக் கதவுவரைக்கும் போனவர், திரும்பி நின்னு இன்னொண்ணு கேட்டார்."

"என்ன?"

"'அந்தப் பொண்ணு முதுகுல யாராவது தட்டினாங்களா?'ன்னு."

சுவரோரத்து வெந்நீர்க் குழாய் எங்கோ உள்ளே ஒருமுறை சொடுக்கியது. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

"கிழவருக்கு வேற ஏதோ ஞாபகம்," என்றான் லாயிட்.

"அந்தப் படத்த எடுத்துருங்க லாயிட். மொதல்லயே சொன்னேன். செத்துப்போனவள வச்சு ஆராய்ச்சி பண்றது எனக்குப் பிடிக்கல."

"அவ்வளவு சுத்தமான படம் நம்மகிட்ட வேற இல்ல. கொரீன் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

மார்லா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"யாரு, நம்மகூட வேல பாத்த கொரீனா? நீங்க ஒருநாள் அவ கோப்பையில காபி குடிச்சீங்கன்னு மூணு மாசம் கோப்பைய வீட்டுக்கும் ஆபீசுக்கும் தூக்கிட்டு அலைஞ்சவ. 'எனக்கு எதுவும் மறக்காது மார்லா, அது ஒரு வியாதி'ன்னு சிரிப்பா. அவளா சந்தோஷப்படுவா?"

மார்லா மதிய உணவுக்குப் போனபின் லாயிட் அந்தச் சிறு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். படத்தை ஓடவிட்டான். கொரீன் வந்தாள். கடுகு நிறச் சட்டை. கைகள் தெளிவாகத் தெரிவதற்காக முழங்கைவரை மடித்துவிட்ட சட்டைக்கை. ரொட்டியை வாட்டினாள். வேர்க்கடலை வெண்ணெயைக் கத்தியால் தடவினாள். குறுக்கே அறுத்தாள். உட்கார்ந்தாள். கடித்தாள். திரை சாம்பலாகியது.

அவன் பொத்தானிலிருந்து கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூன்று நிமிடமும் அப்படியே இருந்தான். திரை சாம்பலாகவே இருந்தது. வெண்ணெயின் மணம் மட்டும் லேசாக வந்ததுபோல் இருந்தது. அவ்வளவுதான்.

எழுந்து பதிவைப் பார்த்தான். பதினொரு கோடுகள்.

வலது கட்டைவிரல் வலித்தது.

மூன்றரைக்குத் தொலைபேசி வந்தது.

"டாக்டரே, டெல்மா பேசறேன். கொரீனோட அக்கா."

"சொல்லுங்க டெல்மா."

"பல்கலைக்கழகத்துல கேட்டேன். கேமராவுல இருந்த கார்டு உங்ககிட்டதான் இருக்குங்கறாங்க."

"அதுல இருந்ததத்தான் உங்களுக்குக் குடுத்தோம்."

"குடுத்தீங்க. அவ ரொட்டியக் கடிக்கிறா, முடிஞ்சிருது. ரெண்டு வருஷமா தினம் பாக்கறேன். ஒரு விஷயம் இடிக்குது. அவ சவ அடக்கத்தப்ப நீங்கதானே சொன்னீங்க, காரியம் முடிஞ்சதும் ரெண்டு உள்ளங்கையையும் மேசை மேல வைக்கணும், அதுதான் உங்க வழக்கம்னு?"

"ஆமா."

"அவ வைக்கவே இல்லையே."

கம்பியின் மறுமுனையில் பேருந்தின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. டெல்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.

"எல்லாப் பிள்ளைங்களையும் இறக்கிட்டு, பஸ்ஸ விட்டுட்டு, நேரா உங்க வீட்டுக்கு வரேன். ஆறு மணி. கார்ட எடுத்து வைங்க. இல்லன்னா நாளைக்கு ஷெரீஃபோட வருவேன். எங்க குடும்பத்துல எதையும் பாதியில விடற பழக்கம் இல்ல டாக்டரே."

வைத்துவிட்டாள்.

உண்மைதான். கொரீன் கைகளை வைக்கவில்லை.

ஆய்வுக்கூடத்தின் விதி அது. நடிப்பவரின் இரண்டு உள்ளங்கைகளும் மேசையில் படும்வரை காரியம் முடியவில்லை. அதுவரை யாரும் பேசக் கூடாது, சட்டகத்துக்குள் நுழையக் கூடாது. அன்று கேமராவுக்குப் பின்னால் லாயிட் மட்டும் இருந்தான். உள்ளங்கையில் எண்ணும் கருவி. கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும். கூட்டத்தில் தலை எண்ணுபவர்கள் வைத்திருப்பது. படம் எடுக்கும்போதே துண்டுகளை எண்ணிக்கொள்வது அவன் பழக்கம்.

அவள் கடித்தாள். மென்றாள். பிறகு வாய் அசையாமல் நின்றது.

டிக், என்று அழுத்தினான். மெல்வது முடிந்தது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். டிக். எழுந்தாள். டிக். இடது கை தொண்டைக்குப் போனது. டிக். வலது உள்ளங்கை மேசையில் ஓங்கி விழுந்தது. டிக்.

அவன் அடுத்த உள்ளங்கைக்காகக் காத்திருந்தான்.

அது தொண்டையில் இருந்தது. சத்தம் எதுவும் இல்லை. அடைத்துக்கொண்ட தொண்டைக்குச் சத்தம் கிடையாது. அவள் கேமராவைப் பார்த்தாள்; பிறகு கேமராவுக்குப் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள். அந்த இடம் எவ்வளவு தெளிவான எல்லை என்று அவன் வியந்தது நினைவிருக்கிறது. டிக். எந்த எண்ணில் அவனுக்கு விஷயம் புரிந்தது என்பதை அவன் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. புரிந்த பிறகும் கட்டைவிரல் நிற்கவில்லை. பதினொன்றில் அவள் முழங்கால் மடங்கியது. விழுந்தபோதுதான் கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பன்னிரண்டாவதை அழுத்தியிருந்தால் அது அவன் வந்ததற்காக இருந்திருக்கும்.

படம் முடிந்ததும் வெளியே போனேன், திரும்பி வந்தபோது தரையில் கிடந்தாள் என்று போலீசிடம் சொன்னான். கடித்த இடத்தோடு படத்தை வெட்டினான். கருவியை அன்று மாலையே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தான். கார்டை மட்டும் எறிய முடியவில்லை. அவன் எந்தப் பதிவையும் அழித்ததில்லை. அது வீட்டில், சமையலறை அலமாரியில், பழைய காபி டின்னுக்குள் இருந்தது. அதில் அவள் சாகும் ஒவ்வொரு படியையும் எண்ணும் சத்தம் இருந்தது. அதை யார் கேட்டாலும் அவனுடைய வேலை, பெயர், வீடு எல்லாம் போய்விடும். சிறைகூட இருக்கலாம்.

ஆறு மணிக்குள் உடைத்துவிட வேண்டும்.

நாலேமுக்காலுக்குக் கிளம்பியபோது முழுதாக இருட்டிவிட்டது. பனி தள்ளும் வண்டிகள் இருபுறமும் ஒதுக்கிய அழுக்குப் பனியின் நடுவே கார் மெதுவாக ஊர்ந்தது; கண்ணாடி துடைப்பான் இழுத்து இழுத்துப் போய் வந்தது, ஹீட்டரிலிருந்து எரிந்த தூசியின் நாற்றம் வந்தது, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக ஸ்டீயரிங்கின் மேல் ஏறி அவன் கைகளைத் தடவிப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. பாலத்தின் மேல் ஏறியபோது கீழே ஆறு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு நீளக் கோடு. அங்கேதான் எறிந்தான்.

டிக்.

மிக அருகில் கேட்டது. பின்னிருக்கையில் கைப்பை மட்டும் இருந்தது.

தன் வீட்டுச் சந்தில் திரும்பிக்கொண்டிருந்தான். பாலத்துக்கும் சந்துக்கும் நடுவில் நான்கு மைல். இரண்டு சிக்னல், ஒரு ரயில் கடவை. ஒன்றும் நினைவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொண்டான். வகுப்பில் அவன் சொல்லிச் சிரிக்கவைப்பது இதைத்தான். சமையலறைக்கு வருவீர்கள், எதற்கு வந்தோம் என்று நிற்பீர்கள். தவறு உங்களுடையதல்ல, வாசலுடையது. ஒவ்வொரு வாசலிலும் மனம் பழைய பெட்டியை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கிறது. மூடியதற்குள் என்ன இருந்தது என்பது பாதி போய்விடும்.

சாவியைத் திருப்பினான். வீட்டுக்குள் மரமும் பழைய கம்பளமும் சேர்ந்த வழக்கமான வாசனை; அடித்தளத்தில் சூடேற்றும் கருவி மூச்சு வாங்குவதுபோல் ஒருமுறை குமுறி அடங்கியது; கூரையிலிருந்து பனி சரிந்து கொல்லையில் பொத்தென்று விழுந்தது. இந்த வீட்டில் அவன் தனியாக இருப்பவன். எல்லாச் சத்தமும் அவனுக்குத் தெரியும்.

வாசலைத் தாண்டினான்.

டிக்.

கோட்டு ஆணியில் தொங்கியது. ஈரக் காலணிகள் பாயில் ஒழுங்காக இருந்தன. அவன் நடைவழியின் நடுவில் காலுறையோடு நின்றான். கையில் குறடு இருந்தது. குறடு அடித்தளத்தில் இருக்கும் பொருள். பதினான்கு படி இறங்கி, விளக்குப் போட்டு, தேடி எடுத்து, ஏறி வந்திருக்க வேண்டும்.

சரி. குறடு வேண்டும்தான். உடைப்பதற்கு.

சமையலறைக்குப் போக அதே நடைவழிதான். எட்டு அடி. கடைசியில் கதவில்லாத வாசல். அதன் முன் நின்று நிலைச்சட்டத்தைப் பார்த்தான். வெள்ளை வண்ணம், ஓரத்தில் சிறு விரிசல். அதைத் தாண்டுவதற்கு முன் சத்தமாகச் சொல்லிக்கொண்டான்.

"டின்ன எடு. கார்ட எடு. உடை. டின்ன எடு. கார்ட எடு. உடை."

சொல்லிக்கொண்டே தாண்டினான்.

டிக்.

டின் மேசையில் திறந்து கிடந்தது. காலி. குறடு எங்கே என்று தெரியவில்லை. மடிக்கணினி திறந்திருந்தது. அதன் பக்கவாட்டில் கார்டின் நீல ஓரம் துருத்திக்கொண்டிருந்தது. திரையில் கொரீன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

ரொட்டி வாடும் மணம் வந்தது.

முதலில் படத்திலிருந்து வருவதாக நினைத்தான். அபத்தம். திரும்பினான். அவனுடைய வாட்டும் கருவியின் உள்ளே சிவந்த கம்பிகள். அடுப்புக்கு மேல் கடிகாரம் ஐந்து ஐம்பது காட்டியது. அவன் கருவியின் வயரைப் பிடுங்கக் கை நீட்டினான். கை முழங்கைவரை வெறுமையாக இருந்தது. யாரோ அவன் சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார்கள். அழகாக, ஒரே அளவாக, இரண்டு கையிலும்.

டிக்.

இந்தத் தடவை சத்தம் வந்த திசை தெரிந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம். நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி இருட்டாக இருந்தது. அதில் அவன் தெரிந்தான். விளக்குத் தெரிந்தது. எதிர் நாற்காலியின் முதுகு தெரியவில்லை. எதுவோ மறைத்தது.

அவன் கையில் கத்தி. கத்தியில் வெண்ணெய்.

"கொரீன்," என்றான். குரல் சின்னதாக இருந்தது. "கொரீன், கேளு. எனக்குத் தெரியல. நீ நடிக்கிறன்னு நெனச்சேன்."

திரையில் அவள் ரொட்டியைக் குறுக்கே அறுத்தாள்.

"மொதல்லதான் தெரியல," என்றான். "அஞ்சுவரைக்கும் தெரியல. சத்தியமா."

அவன் அதைச் சொல்லியதே இல்லை. ஐந்து என்று. ஐந்து என்றால் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று எல்லாம் தெரிந்தே.

எதிர் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. யாரோ முன்னால் சாய்ந்து கேட்பதுபோல்.

டிக்.

உட்கார்ந்திருந்தான். வாய் நிறைய ரொட்டி. கடித்ததாக நினைவில்லை. உப்பும் இனிப்புமாக வெண்ணெய் மேல்தாடையில் அப்பியிருந்தது. துப்ப நினைத்தான்.

மென்றுகொண்டிருந்தான்.

திரையில் அவளும்.

அவள் மெல்வதை நிறுத்தினாள். அவனும். இது வெட்டாத பதிவு; திரை சாம்பலாகவில்லை.

டிக். ஒன்று.

மூச்சு உள்ளே போகவில்லை. சுவரில் மோதியதுபோல் நின்றது. இருமப் பார்த்தான். இருமல் வரவில்லை.

நாற்காலி பின்னால் போனது. டிக்.

எழுந்தான். டிக்.

இடது கை தொண்டையில். டிக்.

வலது உள்ளங்கை மேசையில் விழுந்தது. தட்டு துள்ளியது. டிக்.

ஐந்து.

இப்போது எதிரே தெரிந்தது. முதலில் சட்டைக்கை. கடுகு நிறம். முழங்கைவரை மடிப்பு. பிறகு கை. ஆற்றுத் தண்ணீர் சொட்டும் கை. பிடிக்குள் துருவேறிய சிறிய எண்ணும் கருவி. அதன் மேல் கட்டைவிரல்.

முகம் விளக்குக்கு மேலே, இருட்டில் இருந்தது. அவன் பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தது. கவனமாக. அவன் கேமராவுக்குப் பின்னால் சாய்ந்திருந்ததுபோலவே.

தட்டிவிடு, என்று கையால் காட்டினான். முதுகில். தட்டு. டிக்.

ஏழு. காதுக்குள் இரைச்சல்.

எட்டு. ஜன்னலில் வெளிச்சம்.

கார். டெல்மாவின் கார். சந்தில் திரும்புகிறது. விளக்கொளி ஜன்னல் வழியே நுழைந்து கூரையில் ஏறியது. பனிக்கட்டி நொறுங்கும் டயர் சத்தம். வருகிறாள். பெரிய கைகள் அவளுக்கு. முதுகில் ஒரு அடி போதும். கதவு பூட்டவில்லை. இருபது வினாடி. இருபதே வினாடி.

ஒன்பது.

பத்து.

முழங்கால் மடங்கியது. வலது கையால் மேசையைப் பிடித்தான்.

டிக்.

பதினொன்று.

பிறகு சத்தமில்லை.

டயர் சத்தம் இல்லை. அடித்தளத்துக் குமுறல் இல்லை. கூரையில் ஏறிய விளக்கொளி பாதி வழியில் நின்றது. சாய்வாக, வெள்ளையாக, அசையாமல். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு பனித்துகள் விழவில்லை. நின்றது. கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தொன்பது. வினாடி முள் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்.

மூச்சு மட்டும் வேண்டியிருந்தது. அந்தத் தேவை மட்டும் நிற்கவில்லை. நெஞ்சு பிளந்தது. கண் வெளியே தள்ளியது. மயக்கம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வரவில்லை. மடங்கிய முழங்கால் விழவில்லை. விழ விடவில்லை.

அடுத்தது வர வேண்டும். ஒன்று. ஒரே ஒன்று. எதுவாக இருந்தாலும். சாவாக இருந்தாலும்.

வரவில்லை.

அவனுக்கு வழக்கம் நினைவு வந்தது. தொண்டையிலிருந்து கையை எடுத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்தான். விரல்களை விரித்து. தெளிவாக. அவளுக்குத் தெரியும்படி.

முடிந்தது.

முடிந்தது.

கைகளைத் தூக்கி மறுபடியும் வைத்தான். மறுபடியும். மேசை ஈரமாகியது. எத்தனை தடவை என்று எண்ணினான். நூறு. ஆயிரம். பிறகு எண்ண முடியவில்லை. கூரையில் விளக்கொளி அப்படியே இருந்தது. பனித்துகள் அப்படியே இருந்தது.

எதிரே, கடுகு நிறச் சட்டைக்கைக்குக் கீழே, அந்தக் கட்டைவிரல் பொத்தானின் மேல் லேசாகப் படிந்திருந்தது.

அழுத்தவில்லை.